பத்திரிகை நறுக்குகளின் மறுபக்கம்

ஓய்வுபெற்ற பத்திரிகையாளனிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் அரசியல் பற்றியவை. அடுத்த தேர்தலில் யார் வெல்வார், புதிய அரசியலமைப்பு வருமா, மாகாண சபைகளுக்கு என்ன நடக்கும் என்று கேட்பார்கள். நானும் எனக்குத் தெரிந்ததையும், சில வேளைகளில் தெரிந்ததைப் போலத் தோன்றுவதையும் சொல்லிவைப்பேன். அண்மைக் காலமாக வேறொரு கேள்வி அடிக்கடி வருகிறது. "இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? பொழுது எப்படிப் போகிறது? சனி, ஞாயிறுகளில் என்ன செய்கிறீர்கள்?" இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எழுதும் அன்பர்களும் கேட்கிறார்கள், வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை நடைக்கு வரும் நண்பர்களும் கேட்கிறார்கள். வயது போனவனிடம் வேறு எதைக் கேட்பது என்று தெரியாமலும் கேட்கிறார்கள் போலும்.

பதில் சொல்லப் புகுந்தால் வாசிப்பு, பொழுதுபோக்கு, வார இறுதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. என் கட்டிலின் கீழ் இருக்கும் நான்கு காகிதப் பெட்டிகளே அந்த இடம்.

முதலில் வாசிப்பு. மேசையில் இப்போது மூன்று நூல்கள் இருக்கின்றன. ஒன்று, செங்கை ஆழியான் தொகுத்த 'ஈழகேசரிச் சிறுகதைகள்'. முன்பே வாசித்ததுதான், இம்முறை கதைகளுக்காக அன்றி, தொகுத்தவரின் உழைப்பைப் பார்ப்பதற்காக வாசிக்கிறேன். ஈழகேசரி 1930 முதல் 1958 வரை வெளிவந்த பத்திரிகை. குரும்பசிட்டியில் பிறந்த நா. பொன்னையா அதனைச் சுன்னாகத்தில் தமது திருமகள் அழுத்தகத்திலிருந்து வெளியிட்டார். செங்கை ஆழியான் ஈழகேசரியோடு நில்லாமல் மறுமலர்ச்சி, சுதந்திரன், மல்லிகை ஆகியவற்றில் வந்த கதைகளையும் தொகுத்தார். அரச நிருவாகத்தில் பெரும் பொறுப்புகளை வகித்துக்கொண்டு, நாவல்களும் எழுதிக்கொண்டு, பழைய தாள்களைத் தேடித் தேடி இதனையும் செய்து முடித்துவிட்டு, 2016 இல் அவர் மறைந்தார். பத்திரிகையில் வந்த கதையின் ஆயுள், அடுத்த இதழ் வரும்வரைதான். அதற்குப் பின்னரும் அது உயிர்வாழ வேண்டுமாயின், யாரோ ஒருவர் அந்தத் தாளை எறியாமல் வைத்திருந்திருக்க வேண்டும்; இன்னொருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தொகுப்பு நூல்களின் முன்னுரைகளை நாம் அவசரமாகப் புரட்டிவிட்டுக் கதைக்குப் போய்விடுகிறோம். எனக்கோ இப்போது முன்னுரைகளே அதிகச் சுவை தருகின்றன.

இரண்டாவது, டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. முடிதிருத்தும் தொழிலகத்தில் நின்றுகொண்டே 1966 ஆகஸ்டில் மல்லிகையைத் தொடங்கி, இதழ்களைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக விற்றவர் அவர். 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் பாதி, அவர் இதழ் விற்ற கதையைத்தான் சொல்லின. அதைப் பெருமையாகச் சொன்னவர்களில் எத்தனை பேரின் வீட்டில் ஒரு மல்லிகை இதழாவது இருந்தது என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அஞ்சலி வேளையில் கேட்கக்கூடாத கேள்வி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது, பலர் நூல் என்றே கருதாத ஒன்று: என். செல்வராஜாவின் 'நூல் தேட்டம்'. ஈழத்தவரின் தமிழ் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாகப் பதிவுசெய்யும் நூற்பட்டியல் அது. பிரித்தானியாவில் வாழும் அந்த நூலகர், நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, பக்கம், அளவு, ஒரு சிறு குறிப்பு என வரிசையாகப் பதிந்துகொண்டே போகிறார். இரவில் உறக்கம் வராதபோது அதில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து நாவல் படிப்பதுபோலப் படிப்பேன். முப்பது பக்கக் கவிதை நூலொன்றை வெளியிட ஒரு கிராமத்துச் சனசமூக நிலையம் முன்வந்திருக்கிறது என்ற செய்தி போதும், அரை மணி நேரம் யோசித்துக்கொண்டு கிடப்பதற்கு.

பொழுதுபோக்கு என்று கேட்டால், பல்கனியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இரண்டு மிளகாய்ச் செடிகளும் உண்டு. சிற்றலை வானொலி கேட்பது ஒரு காலத்தில் பெரும் பித்தாக இருந்தது. பீபீசீ தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்ற பின்னர், அந்தப் பெட்டி அலமாரியின் மேல் தூசி படிந்து இருக்கிறது. கிரிக்கெட்டைப் பற்றி எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. எஞ்சியிருப்பது ஒன்றுதான். பத்திரிகையில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து நான் செய்துவருவது அது: பத்திரிகை நறுக்குகளைச் சேர்ப்பது.

அந்தக் காலத்து ஆசிரிய பீடங்களில் எல்லோரிடமும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். பின்னணி தேவைப்படும்போது தேடு என்றால், அலமாரியில் இருக்கும் கோவையைத்தான் தேட முடியும், கணினி ஏது? நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், கட்டடம் மாறியபோது இடமில்லை என்று சொல்லிப் பல ஆண்டுக் கோவைகளைப் பழைய தாள் வாங்குபவரிடம் நிறைக்குப் போட்டுவிட்டார்கள். பத்திரிகைக்காரர்களைப்போலப் பத்திரிகையை மதிக்காத இனம் வேறொன்று இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்றைய பத்திரிகை நமக்கு முடிந்துபோன வேலை. கடலைக்காரர் அதனைச் சரை சுற்றுகிறார் என்பதில் எமக்கு வருத்தமே ஏற்படுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒப்புநோக்காளர் ஒருவர் கடலைச் சரையைப் பிரித்துப் படித்து, அதிலுள்ள எழுத்துப் பிழையைப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் எறிவார்.

பத்திரிகைத் தாள் சாவதற்காகவே பிறந்த தாள். மரக்கூழை அரைத்துச் செய்யும் மலிவுத்தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, அமிலமாகி, பின்னர் விரல் பட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிடும். கொழும்பின் கடற்காற்றில் குண்டூசி சில ஆண்டுகளில் துருப்பிடித்து, அந்தத் துரு தாளைத் தின்றுவிடுகிறது. கோதுமை மாப் பசையால் ஒட்டினால் பூச்சிகளுக்கு விருந்து வைத்ததாகிவிடும். ஒட்டுநாடா இன்னும் மோசம். நாடா கழன்று விழுந்த பின்னும் அதன் பழுப்புக் கறை எழுத்தின்மேல் தங்கிவிடும். இத்தனைக்கும் தப்பிப் பிழைத்தவை நான்கு பெட்டிகளில் இருக்கின்றன. அரசியல், பண்பாடு, வழக்குகள், மறைந்த மனிதர்கள் என்று நானே மட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர் இவற்றை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். அப்போதுதான் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. நறுக்குகளின் முன்பக்கத்தை விடப் பின்பக்கமே என்னைப் பிடித்து நிறுத்தியது.

1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. 10ஆம் திகதி இறுதிநாள் நிகழ்வு உயிரிழப்புகளில் முடிந்தது. அது பற்றிய நறுக்கொன்று என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள செய்தியை இன்று எந்த நூலிலும் படிக்கலாம். திருப்பினால், பாதி வெட்டுப்பட்ட நிலையில், அரிசி கொண்டுசெல்வதற்கான கட்டுப்பாட்டைப் பற்றிய ஓர் அறிவித்தல். ஒருவர் எடுத்துச்செல்லக்கூடிய அரிசிக்கு அளவு விதிக்கப்பட்டிருந்த, பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. அதே காலத்தில்தான் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். மாநாட்டுப் பந்தலுக்கு வந்தவரின் வயிற்றையும் மடியையும் பற்றிய செய்தி, நறுக்கின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

1978 இல் வந்த இன்னொரு நறுக்கு, நிறைவேற்று ஜனாதிபதி முறையைப் பற்றிய கட்டுரை. அந்த முறையைப் பற்றி இந்நாட்டில் இன்றுவரை கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். திருப்பினால், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி அவ்வாண்டு திரைக்கு வந்த 'வாடைக்காற்று' படத்தின் விளம்பரம். அருகில் திரையரங்குகளின் பெயர்கள். பெயர்களை எண்ணிப் பார்த்தேன். ஓர் ஈழத்துத் தமிழ்ப் படம் எங்கெங்கே ஓடியது என்பதற்கு இந்தத் துண்டைத் தவிர வேறு சான்று என் வீட்டில் இல்லை.

ஆனால் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தவை மரண அறிவித்தல்கள். நான் அவற்றைச் சேர்த்ததில்லை. வேறு செய்திகளின் முதுகில் ஏறி வந்தவை அவை. எழுபதுகளின் அறிவித்தலில் பிள்ளைகளின் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் இருப்பவை: ஆசிரியர், கிளிநொச்சி, எழுதுவினைஞர், கொழும்பு, புகையிரதப் பகுதி, அநுராதபுரம். எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதி அரேபியாவும் இலண்டனும் தென்படுகின்றன. 1983 ஜூலைக்குப் பின்னர் அடைப்புக்குறிகளுக்குள் ஜேர்மனி வருகிறது, பிரான்ஸ் வருகிறது, சுவிற்சர்லாந்து வருகிறது, கனடா வருகிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரே தாயின் ஆறு பிள்ளைகளும் ஐந்து நாடுகளில் இருக்கிறார்கள்; இறந்தவர் மட்டும் ஊரில், அல்லது ஊரைவிட்டு இடம்பெயர்ந்த இன்னோர் ஊரில். பின்னர் இறந்தவரின் ஊரே மாறிவிடுகிறது: "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும்" என்று இரண்டு ஊர்கள் வருகின்றன, இடையில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. எமது புலப்பெயர்வைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. யாராவது ஓர் இளைஞர், ஒரே ஒரு பத்திரிகையின் நாற்பதாண்டு மரண அறிவித்தல்களை எடுத்துக்கொண்டு, அடைப்புக்குறிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் எவ்வளவு சொல்ல முடியும்!

இதனால் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து ஒன்று உண்டு. இலக்கியத்தை நாம் ஓரளவு காப்பாற்றிவிட்டோம். அதற்குச் செங்கை ஆழியான்களும் ஜீவாக்களும் செல்வராஜாக்களும் கிடைத்தார்கள். தலைவர்களின் உரைகளையும் ஒருவாறு காப்பாற்றிவிட்டோம். அவற்றைக் காப்பாற்றக் கட்சிகள் இருக்கின்றன. காப்பாற்ற ஆளில்லாமல் கிடப்பவை, சந்தை விலை, தனியார் வகுப்பு விளம்பரம், மணமகன் தேவை, காணவில்லை, நன்றி நவிலல், ஆசிரியருக்குக் கடிதம் ஆகியவை. எந்தத் தொகுப்பாளரும் இவற்றைத் தொகுக்கமாட்டார். முழுத் தாளாக வைத்தால் மட்டுமே இவை பிழைக்கும். பழைய பத்திரிகையொன்றைக் கையில் வைத்திருக்கும் அன்பர்களே, தயவுசெய்து அதனைக் கத்தரிக்காதீர்கள். உங்கள் படம் வந்த பக்கமாக இருந்தாலும் சரி, கத்தரிக்காதீர்கள்.

31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடப்படும் நினைவு மலர்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. கல்வெட்டு என்று யாழ்ப்பாணத்தில் வழங்கும் அந்தச் சிறு நூலைப் பெற்றுக்கொண்டு, மதிய உணவின்பின் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போவோர் உண்டு. தேவாரத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள்: வமிசாவளி, பரம்பரைத் தொழில், ஊர்க் கோயிலின் கதை, மலாயாவுக்குப் போன பாட்டனின் கதை எல்லாம் அதற்குள் இருக்கும். நூலகம் நிறுவனம் இத்தகைய மலர்களையும் எண்ணிம வடிவில் ஏற்றிவருகிறது. 2005 இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய அந்த முயற்சி, இன்று ஈழத் தமிழர் எங்கிருந்தாலும் முதலில் தேடிப்போகும் இடமாகிவிட்டது. தொடங்கிய காலத்தில் இது இரண்டு ஆண்டு தாங்குமா என்று ஐயப்பட்ட மூத்தவர்கள் பலர். அவர்களிற் சிலர் இன்று தங்கள் பழைய கட்டுரையைத் தாங்களே அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

எண்ணிமப்படுத்திய பின்னர் தாள் எதற்கு, எரித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். சொன்னவர் யாழ்ப்பாணத்தவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதே இரவில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகம் எரிந்த செய்தியை வெளியிட வேண்டிய பத்திரிகையும் கூடவே எரிந்தது. தாளை எரிக்கலாம் என்று நம்மவர் வாயில் இலகுவாக வரக்கூடாது. நண்பர் நல்லவர், அவர் வீட்டில் இடம் போதாது, அவ்வளவுதான்.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் தாளுக்குச் சார்பாக நடைமுறைக் காரணங்கள் உண்டு. தொண்ணூறுகளில் நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரைகள் பல நெகிழ்வட்டுகளில் இருக்கின்றன. அவற்றைச் செருகுவதற்குக் கணினி இல்லை. செருகினாலும் திரையில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும். யூனிகோட்டுக்கு மாற்றிச் சந்திப் பிழை திருத்த வேண்டும். ஜியோசிற்றீஸில் நம்மவர் ஆர்வத்தோடு கட்டிய தமிழ்ப் பக்கங்கள் 2009 இல் அந்தச் சேவை மூடப்பட்டதோடு போயின. அதேவேளையில், பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைத் தாள் கிடைக்காமல் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சடித்த பத்திரிகை இதோ என் பெட்டியில் இருக்கிறது. மை பரவியிருக்கிறது, கோடுகள் குறுக்கே ஓடுகின்றன, ஆனாலும் ஒவ்வோர் எழுத்தையும் படிக்க முடிகிறது. அந்தத் தாளை வருடியில் படமெடுத்து ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். ஆயினும், கையில் எடுத்தால் தெரியும் அந்தக் கொப்பித் தாளின் தடிப்பைப் படமெடுக்க முடியாது. என்ன நிலையில் அந்தப் பத்திரிகையை நடத்தினார்கள் என்பதற்குச் செய்தியைவிடத் தாளே பெரிய சாட்சி.

இந்தச் சாட்சியத்தின் மறுதலையை 2022 இல் கண்டோம். டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி தடைப்பட்டது. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நிறுத்தப்பட்டது. ஏனைய பத்திரிகைகளும் பக்கங்களைச் சுருக்கின. நாட்டின் மிகக் கொந்தளிப்பான மாதங்களில், அச்சில் வராமல் இணையத்தில் மட்டும் வந்த செய்திகள் எத்தனை! அவற்றை எவர் வைத்திருக்கிறார், எங்கே வைத்திருக்கிறார்? ஐம்பது ஆண்டு கழித்து 2022 ஐ ஆராய வருபவர், 1974 ஐ ஆராய்பவரைவிடக் கூடுதலாக அலைய நேரலாம் என்றே எனக்குப் படுகிறது.

சேர்த்து வைத்திருப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடையே இரண்டு வகையினர் உண்டு. குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் ஒரு வகை. வாழ்நாளெல்லாம் பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து, அவற்றை நுண்படச் சுருள்களாக்கவும் பாடுபட்ட அந்த மனிதரை ஆவண ஞானி என்று அழைத்தார்கள். நா. பொன்னையாவும் அந்த ஊரவரே, தம் வீட்டில் பெரும் நூற்சேகரிப்பை வைத்திருந்த இரசிகமணி கனக செந்திநாதனும் அந்த ஊரவரே. தாளை நேசித்த இத்தனை பேரைத் தந்த அந்தக் கிராமமே 1990 இல் இடம்பெயர்ந்து, நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. மற்ற வகையினர், பூட்டி வைப்பவர்கள். "என்னிடம் முழுத் தொகுதியும் இருக்கிறது" என்று கூட்டங்களில் சொல்வார்கள். பார்க்கலாமா என்று கேட்டால், "ஒருநாள் வாருங்கள்" என்பார்கள். அந்த ஒருநாள், அவர் மறைந்த பின்னர், வீட்டை விற்க வந்த பிள்ளைகள் அறையைத் துப்புரவாக்கும் நாளாக இருக்கும். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. பத்து நாள் விடுமுறையில் வந்தவர்களுக்கு அந்தத் தாள்களின் மதிப்பு எப்படித் தெரியும்? என் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், வாசிக்க மாட்டார்கள். நான் போன பின்னர் அந்த நான்கு பெட்டிகளும் அவர்களுக்கு நான்கு பெட்டிகள்தான்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். கொடுப்பவர் உயிரோடு இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். ஒரு துண்டில் திகதி இல்லை. எந்தப் பத்திரிகை என்றும் இல்லை. எழுத்தின் வெட்டைப் பார்த்து இது வீரகேசரி, இது தினகரன், இது தினபதி என்று என்னால் சொல்ல முடியும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அச்சுக்கூடத்தின் எழுத்துக்கும் ஒரு முகம் இருந்தது. அந்த முகங்களை அறிந்தவர்களின் தொகை குறைந்துவருகிறது. புனைபெயர்களுக்கும் இதே கதைதான். ஞாயிறு இதழில் மூன்று பெயர்களில் எழுதியவர் ஒருவரே என்பது, பக்கத்து மேசையில் இருந்தவனுக்கு மட்டும் தெரிந்த செய்தி. இவற்றை ஒரு கடித உறையில் எழுதி, நறுக்கோடு சேர்த்து வைக்கிறேன். நறுக்கைவிட உறைமேல் உள்ள குறிப்பு நீளமாகிவிடுவதும் உண்டு.

இனி, இந்த வார இறுதி. சனி காலை முழுவதும் குண்டூசி கழற்றும் வேலை; மூக்குக்கண்ணாடியும் ஒரு தட்டைக் கத்தியும் போதும். மூன்று பெட்டிகள் முடிந்துவிட்டன. பிற்பகலில், வெயில் தணிந்ததும், டீ. ஆர். விஜயவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகளுக்கு ஒருமுறை போய்வர எண்ணம். சிங்கள, ஆங்கில நூல்களின் அடுக்குகளுக்கு இடையில் எப்போதாவது ஒரு தமிழ் நூல் சிக்கும். ஒருமுறை முதற்பக்கத்தில் எனக்குத் தெரிந்த நண்பரின் கையொப்பத்தோடு ஒன்று சிக்கியது. வாங்கினேன். அவரிடம் சொல்லவில்லை. ஞாயிறு காலை வழமைபோல வாரமஞ்சரி, வாரவெளியீடு எல்லாவற்றையும் விரித்துவைத்து வாசிப்பு. இப்போது கத்தரிக்கோலை மேசைக்கே கொண்டுவருவதில்லை. பிற்பகல் தன்னார்வலரான இளைஞர் ஒருவர் முச்சக்கரவண்டியோடு வந்து பெட்டிகளை எடுத்துச்செல்வார்.

நான்கு பெட்டிகளையும் அவரிடம் கொடுத்துவிடுவேன். ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அதில் இருப்பவை நறுக்குகள் அல்ல. என் குறிப்புப் புத்தகங்கள். எண்பதுகளிலிருந்து 2009 வரை களத்திலிருந்து எழுதியவை. அச்சில் வந்தவற்றைவிட வராதவை அவற்றில் கூடுதலாக இருக்கின்றன. "பெயர் போடவேண்டாம், தம்பி" என்று கேட்டுக்கொண்டு பேசியவர்களின் பெயர்கள் இருக்கின்றன: ஒரு கிராம சேவையாளர், ஒரு மருத்துவமனை ஊழியர், விடுமுறையில் வீடு வந்திருந்த ஒரு சிப்பாய், மகனைத் தேடி முகாம் முகாமாகப் போன தாய்மார். வரலாற்றுக்கு இவை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நறுக்குகளைவிட இவையே தேவை. ஆனால் பேசியவர்களிற் சிலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், அதே ஊரில், அதே அயலாருக்கு நடுவில். நான் கொடுத்த வாக்குக்குக் காலவரையறை எதுவும் வைத்திருக்கவில்லை. அவர்களும் வைக்கவில்லை.

மேலைநாடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. இத்தனை ஆண்டுகள் திறக்கக்கூடாது என்று முத்திரையிட்டு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பார்கள். பிரித்தானியாவில் அரச ஆவணங்களுக்கே முப்பது ஆண்டு விதி இருந்து, 2013 முதல் படிப்படியாக இருபது ஆண்டாகக் குறைக்கப்பட்டது. நம் தமிழ்ச் சூழலில் இத்தகைய பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது. நாம் ஒன்றில் எல்லாவற்றையும் பகிரங்கப்படுத்துகிறோம். அல்லது எல்லாவற்றையும் பூட்டிவைக்கிறோம். முத்திரையிட்ட பெட்டியைக் கொழும்பில் கொடுத்தால் ஆட்சி மாறும்போது முத்திரை தாங்குமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கொடுத்தால், பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைப் பார்க்க விசா எடுக்க வேண்டும். இளைஞர்கள் நடத்தும் நிறுவனத்தின் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது முறையா? பெயர்களை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. எழுதிப் பார்த்தேன். பெயரை அடித்தால் ஊர் காட்டிக்கொடுக்கிறது; ஊரை அடித்தால் திகதி காட்டிக்கொடுக்கிறது. மூன்றையும் அடித்த பின்னர் அந்தப் பக்கத்தில் வாசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்த சக பத்திரிகையாளர் ஒருவர் தெஹிவளையில் இருக்கிறார். வெளியே நடமாட முடியாவிட்டாலும் நினைவு தெளிவாக இருக்கிறது. அவரிடமும் இத்தகைய புத்தகங்கள் இருந்தன என்பது எனக்குத் தெரியும். ஞாயிறு மாலை, பெட்டிகளை அனுப்பிவிட்டு, அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் தம்முடையவற்றை என்ன செய்தார் என்று இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதில்லை. இம்முறை கேட்கப் போகிறேன்.